நடுவில் உட்கார்ந்தவளின் டிவி

குப்பத்தில் யார் எதை வாங்கினாலும் காசியம்மாள் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மிக்சியோ, தண்ணீர் மோட்டாரோ, கட்டிலோ, கடைக்குக் கிளம்பும்போது அவளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வார்கள். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டால், கடைக்காரர் பாதி விலைக்குத் தருகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். ஒருமுறை மாப்பிள்ளை பார்க்கவும் கூட்டிப் போனார்கள். பையனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவன் வேல செய்யறவன் இல்ல, வேல சொல்றவன்" என்றாள். சம்பந்தம் அதோடு நின்றது. அந்தப் பையன் பிற்பாடு ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர் ஆனதைக் குப்பத்தில் யாரும் அவளிடம் சொல்வதில்லை.

காசியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பழவேற்காடு ஏரியில் இறால் தடவுவது தொழில். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடி நடந்து, சேற்றுக்குள் விரல்களை ஓட்டி, இறால் துள்ளுவதற்குள் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி என்று ஒரு கூடை உண்டு. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். ஆகவே தண்ணீரில் இருக்கும் நாலு மணி நேரமும் காசியம்மாளால் வாயைத் திறக்க முடியாது. கரையேறியதும் அந்த நாலு மணி நேரத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். கணவர் ராஜேந்திரனுக்கும் அதே தொழில்தான். அவர் கரையேறிய பிறகும் பறியைக் கடித்துக்கொண்டே இருப்பவர் போல இருப்பார்.

ஏமாறாதவள் என்ற பேர் காசியம்மாளுக்கு வெறும் பெருமைக்கு மட்டும் இல்லை. மகள் சத்யா, பொன்னேரியில் காலேஜ் படிக்கும்போது காட்டூர் சிவசங்கரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். சிவசங்கரின் அம்மா லோகாம்பாள் நெல் வயலும் டிராக்டரும் உள்ள வீட்டுக்காரி. சேற்றில் இறால் தடவுகிற வீட்டுப் பெண் தனக்கு மருமகளாக வந்ததை ஒரு வருஷம் வரை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. கல்யாணத்தன்று கூட காசியம்மாளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் பொன்னேரிக் கடைத்தெருவில் லோகாம்பாள் கிரைண்டர் வாங்க நின்றாள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த காசியம்மாள், யாரும் கேட்காமலே உள்ளே நுழைந்து, கல்லைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "மாவோட சேந்து தானும் அரைஞ்சி வர்ற கல்லு இது. வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். லோகாம்பாளின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதே கிரைண்டரை வாங்கி மூன்று மாதம் மணல் இட்லி தின்றார்கள். அதற்குப் பிறகுதான் லோகாம்பாளின் வாயில் 'சம்பந்தியம்மா' என்ற வார்த்தை வந்தது. இந்தப் பேர் இருக்கும்வரைதான் காட்டூர் வீட்டில் தனக்கு நாற்காலி போடுவார்கள் என்று காசியம்மாளுக்கு நன்றாகத் தெரியும்.

போன தீபாவளிக்கு முன்னால் அவள் தன் வீட்டுக்கே ஒரு டிவி வாங்கக் கிளம்பினாள்.

பொன்னேரிக் கடையில் டிவி விற்கிறவன் விக்கி. முப்பது வயதுக்காரன், நிமிஷத்துக்கு ஆயிரம் வார்த்தை பேசுகிறவன். காசியம்மாள் ஒரு பொருளுக்குத் தலையாட்டினால் ஒரு குப்பமே வந்து அதை வாங்கும் என்று அவனுக்குத் தெரியாதா? டிவிகள் மாட்டியிருந்த சுவருக்கு எதிரே, சரியாக நட்ட நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். கையில் கூல்டிரிங்க்ஸ் கொடுத்தான். ராஜேந்திரன் வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்.இ.டி.ன்னா பின்னால லைட்டு, முன்னால ஸ்கிரீனு. அவ்ளோதாம்மா" என்று ஆரம்பித்தான் விக்கி. "கியூ.எல்.இ.டி.ன்னா அதுக்கு நடுவுல கலரத் தூக்கிக் குடுக்குற ஒரு ஷீட்டு சொருகியிருப்பான். ஓ.எல்.இ.டி. வேற சாதி. பின்னால லைட்டே கெடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்புன்னா அப்பிடி ஒரு கறுப்பு!"

"தானே எரியுதுன்னா சீக்கிரம் அவிஞ்சிடாதா?"

விக்கி ஒரு கணம் தயங்கினான். "நாள் முழுக்க ஒரே எடத்துல ஒரே எழுத்து நின்னா, வருசக்கணக்குல அந்தத் தடம் லேசா பதியும்மா. நியூஸ் சேனல்ல கீழ ஒரு பட்டை ஓடுது பாருங்க, அந்த மாதிரி."

"எங்க ஊட்டுக்காரரு பொழுது வுடிஞ்சா நியூஸுதான். டிவிய அணைச்சாலும் பட்டை ஓடும்னு சொல்லு. வேணாம், இந்த வெலைக்கு ஒரு படகு வாங்கலாம். எல்.இ.டி.யவே காட்டு."

"எல்.இ.டி.லயே ரெண்டு பேனல் இருக்குதும்மா. ஒண்ணு ஐ.பி.எஸ்., இன்னொண்ணு வி.ஏ."

"வி.ஏ.ஓ.வா?"

"ஓ இல்லம்மா. வெறும் வி.ஏ."

"ஓ இல்லாங்காட்டி சரி" என்று எழுந்துபோன காசியம்மாள், வழக்கப்படி கையால் பார்க்கலாம் என்று கட்டைவிரலைத் திரையில் வைத்து அழுத்தினாள். விரலைச் சுற்றிப் படம் குழம்பியது. விக்கி அலறிய அலறலில் வெளியே நின்ற ராஜேந்திரன் பீடியைக் கீழே போட்டுவிட்டார். காசியம்மாள் நாற்காலிக்குத் திரும்பினாள். ஒரு பொருளைத் தொடாமல் வாங்குவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கைதான் ஆகாது, கண் இருக்கிறதே. இறாலுக்கு ஒரு கணக்கு உண்டு. அதன் கண் கரேலென்று மின்னினால் இன்றைக்குப் பிடித்தது. கண்ணில் சாம்பல் பூத்திருந்தால் நேற்றைய சரக்கு, யார் தலையிலோ கட்டப் பார்க்கிறார்கள். டிவிக்கும் அதே கணக்கைப் போட்டாள்.

"தம்பி, இருட்டு காட்டு."

விக்கி இரண்டு டிவியிலும் ஒரே ராத்திரிக் காட்சியை ஓடவிட்டான். ஐ.பி.எஸ்.ஸில் வானம் கொஞ்சம் சாம்பலாகத் தெரிந்தது. "இது நேத்து புடிச்சது" என்றாள். வி.ஏ.வில் வானம் மை மாதிரி இருந்தது, நட்சத்திரங்கள் பளிச்சென்று நின்றன. "இது இன்னிக்கி!" என்று தொடையில் தட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே டிவி வாங்கி முடித்தாயிற்று. இவ்வளவு சீக்கிரம் காசியம்மாள் எதையும் வாங்கியதில்லை என்று ராஜேந்திரன் ஆச்சரியப்பட்டார்.

வீட்டில்தான் வம்பு ஆரம்பித்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு அது. கூடம் அகலம் அதிகம், ஆழம் குறைவு. அகலச் சுவரில் டிவியை மாட்டினார்கள். எதிரே நட்ட நடுவில் காசியம்மாளின் பாயும் தலையணையும். ராஜேந்திரனுக்குப் பீடிப் புகை வெளியே போக வேண்டும் என்பதால் இடது கோடியில் வாசல் ஓரம். பக்கத்து வீட்டு ரோஸ்மேரியும் அவள் புருஷன் அந்தோணிசாமியும் வலது கோடியில் சமையலறை ஓரம். மூன்றாவது நாளே ராஜேந்திரன் வாயைத் திறந்தார்.

"காசி, இன்னா எல்லா மூஞ்சியிலயும் மாவு பூசின மாதிரி கீது?"

"உன் கண்ணுல புரை வுழுந்திருக்கும்."

"எனக்கும் வெளுப்பாத்தான் கீதுக்கா" என்றாள் ரோஸ்மேரி.

"உனக்கு வயித்தெரிச்சல்."

ஆனாலும் காசியம்மாள் கல்நெஞ்சுக்காரி இல்லை. அடுத்த வாரம் பழவேற்காட்டில் நடந்த இலவசக் கண் முகாமுக்கு மூன்று பேரையும் தானே கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினாள். டாக்டர் ராஜேந்திரனின் கண்ணைப் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டலாம் என்றார். அந்தோணிசாமிக்கும் ஒரு குறையும் இல்லை. ரோஸ்மேரிக்கு மட்டும் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அன்று மாலை அவள் அதை மாட்டிக்கொண்டு டிவி பார்த்தாள். "இப்ப வெளுப்பு நல்லா தெளிவாத் தெரியுதுக்கா" என்றாள். காசியம்மாளுக்கு வந்த கோபத்தில் நாலு நாள் அவளுக்குக் குழம்பு கொடுக்கவில்லை.

இப்படியே ஏழு மாதம் போயிற்று. மே மாத வெயிலில் ஒரு நாள் லோகாம்பாள் அரை மூட்டை அரிசியோடு வந்து இறங்கினாள். சம்பந்தி வீட்டுக்கு அவள் வருவது அதுதான் இரண்டாவது முறை. விருந்தாளிக்கு நடு இடத்தைக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? தலையணையைத் தட்டிப் போட்டு லோகாம்பாளை உட்கார வைத்துவிட்டு, காசியம்மாள் சமையலறை ஓரமாக ரோஸ்மேரிக்குப் பக்கத்தில் ஒடுங்கினாள். டிவியை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள்.

அவள் வாங்கிய மை மாதிரிக் கறுப்பு அடுப்புச் சாம்பலாக இருந்தது. அய்யோ, எனக்கே புரை விழுந்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தாள். லோகாம்பாளுக்கு மோர் கொடுக்க எழுந்து நடுவே போனாள், படம் பளிச்சென்று பூத்தது. திரும்பி ஓரத்துக்கு வந்தாள், வெளுத்தது. இன்னொரு டம்ளர் மோரோடு போனாள், பூத்தது. வந்தாள், வெளுத்தது. இப்படிச் சோதித்துப் பார்த்ததில் லோகாம்பாள் நாலு டம்ளர் மோர் குடிக்க வேண்டியதாயிற்று. ரோஸ்மேரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா படம் சம்பந்தியம்மா, கண்ணுல ஒத்திக்கலாம் போல கீது!" என்றாள் லோகாம்பாள். "எங்க வீட்டு டிவி போன வாரம் பூட்ட கேஸாயிடுச்சி. நாளைக்கே வாங்க, ரெண்டு பேரும் போயி இதையே வாங்கிக்கினு வந்துடலாம். நீங்க பாத்து வாங்கினதுல கொறை இருக்குமா?"

காசியம்மாள் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்ய முடியும்?

மறுநாள் விடிந்ததும் தண்ணீரில் இறங்கினாள். பல்லில் பறி இருந்ததால் யோசிக்க மட்டுந்தான் முடிந்தது. காட்டூர் வீட்டுக் கூடமும் அகலம்தான். நடுவில் லோகாம்பாள் உட்காருவாள். அவளுக்கு ஆயுசுக்கும் படம் பளிச்சென்று தெரியும், வாழ்த்திக்கொண்டே பார்ப்பாள். காசியம்மாள் ஏமாந்த விஷயம் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சத்யா எங்கே உட்காருவாள்? மருமகள்தானே, அடுப்பில் ஒரு கண்ணும் டிவியில் ஒரு கண்ணுமாகச் சமையலறை நிலைப்படி ஓரத்தில்தான் உட்காருவாள். தன் அம்மா தேர்ந்தெடுத்த டிவியில் பத்து வருஷம் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொன்னால் காட்டூரில் பேர் போய்விடும், பழையபடி முகம் திருப்பிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் பெண்ணுக்குத் தானே செய்த துரோகம். அன்றைக்குக் கையில் சிக்கிய மூன்று இறால்களை யோசனையில் நழுவவிட்டாள்.

பொன்னேரிக் கடையில் விக்கி அதே நாற்காலியை அதே நட்ட நடுவில் போட்டு லோகாம்பாளை உட்கார வைத்தான். கூல்டிரிங்க்ஸ் வந்தது. வி.ஏ. டிவியில் அதே ராத்திரி வானம் ஓடியது. லோகாம்பாள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

காசியம்மாள் உட்காரவில்லை. டிவியைப் பார்த்தபடியே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து இந்தச் சுவர்வரை போனாள். அங்கிருந்து அந்தச் சுவர்வரை போனாள். மிக்சி வாங்க வந்தவர்கள் மிக்சியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா தேடறீங்க?" என்றான் விக்கி.

"நீ மறைச்சதத் தேடறேன்."

"நான் இன்னாத்தம்மா மறைச்சேன்? வி.ஏ. பேனல் நேரா பாத்தா கறுப்பு சூப்பரு, சைடுல போனா வெளுக்கும். ஐ.பி.எஸ். கறுப்பு சுமாரு, ஆனா எங்க குந்திப் பாத்தாலும் ஒரே மாதிரி. அன்னிக்கி இருட்டு காட்டுனப்ப நீங்க நாற்காலிய வுட்டு எழுந்திருக்கவே இல்ல, கேக்கவும் இல்ல."

அவன் சொன்னது உண்மைதான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மரியாதை என்று போட்ட நாற்காலியில் அப்படியே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் அவள்தானே. காசியம்மாள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சம்பந்தி, எழுந்து இங்க வாங்க."

லோகாம்பாள் கூல்டிரிங்க்ஸோடு எழுந்து சுவர் ஓரமாக வந்தாள். "ஐயய்ய, இன்னா இது, வெளுத்துப் போச்சே!"

"இதான் என் வீட்டு டிவி. நடுவுல குந்தறவளுக்கு மட்டுந்தான் டிவி, மத்தவங்களுக்கெல்லாம் சாம்பல். நான் ஏமாந்துட்டேன் சம்பந்தி. ஏழு மாசமா எனக்கே தெரியாது, நேத்து நீங்க வந்து குந்தினப்பதான் தெரிஞ்சது. நீங்க இத வாங்காதீங்க. நீங்க நடுவுல குந்துவீங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா எம்பொண்ணு ஓரத்துல குந்துவா."

சொல்லி முடித்தபோது அவள் காது சூடாகிவிட்டது. அந்தக் கடையில், அத்தனை பேர் முன்னால், ஏமாந்தேன் என்று சொல்லும் நாள் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. லோகாம்பாள் முகத்தில் பழைய கல்யாணத்து முகம் திரும்புகிறதா என்று பார்த்தாள்.

லோகாம்பாள் சிரிக்க ஆரம்பித்தாள். கூல்டிரிங்க்ஸ் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். "நீங்களா? ஏமாந்தீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் காசியம்மாளின் கையைப் பிடித்து இன்னும் ஓரமாக இழுத்துப் போனாள்.

"அப்பாடா. இப்பத்தான் எனக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்ல தைரியம் வருது. இத்தினி நாளு, இந்தம்மா எல்லாத்தையும் கண்டுபுடிக்கிறவங்களாச்சே, நாம எதுனா சொன்னா நம்ம மேலயே தப்பு கண்டுபுடிச்சிடுவாங்களோன்னு பயம். எங்க வீட்டுல நடுவுல நானா குந்துறேன்? உங்க பொண்ணுதான். சோபாவுக்கு நடுவுல அவ, இந்தப் பக்கம் சிவசங்கரு, அந்தப் பக்கம் அவளோட காலு. சமையக்கட்டு நெலப்படியில நான்தான் குந்துறேன், ரெண்டு வருசமா. நடுவுல குந்தி டிவி பாத்ததுன்னா நேத்து உங்க வீட்டுலதான். அதனாலதான் அப்பிடி ஆசையா கேட்டேன்."

காசியம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓரத்தில் உட்காரப் போகிறாள் என்று எந்தப் பெண்ணுக்காகத் தன் பேரைத் தூக்கிப் போட்டாளோ, அந்தப் பெண் காலை நீட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்!

லோகாம்பாள் ஐ.பி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டாள். விக்கி கடைசி முயற்சியாக, ஓ.எல்.இ.டி.யும் ஓரத்திலிருந்து நன்றாகவே தெரியும் என்று ஒரு தூண்டிலைப் போட்டுப் பார்த்தான். கடை வாசல் வெயில் அதில் கண்ணாடி மாதிரி அடிப்பதைக் காட்டி, "எங்க கூடத்துல மேக்கால பெரிய ஜன்னல் கீதுப்பா, சாயங்காலம் நாங்க எங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு குந்தணும்" என்று லோகாம்பாளே அவன் வாயை அடைத்துவிட்டாள். கறுப்பு கொஞ்சம் சாம்பலாக இருந்தால் இருக்கட்டும், நிலைப்படியிலிருந்து தெரிந்தால் போதும் என்றாள். தொடாமலே, யாரையும் கேட்காமலே, தன் டிவியைத் தானே தேர்ந்தெடுத்தாள்.

பில் போடும் நேரத்தில் காசியம்மாள் கடைக்கு வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"இன்னாடி, அத்தைய நெலப்படியில குந்த வெச்சிட்டு நீ நடுவுல கால நீட்டிக்கினு குந்துறியாமே? இதான் நான் உன்ன வளத்த லட்சணமா?"

"யம்மா, டிவிக்கு நடுவுல நைனா ஒரு நாளு குந்தி நான் பாத்ததே இல்ல. பழைய டிவி காலத்துலேர்ந்து அது உன் எடந்தானே? பொம்பளைங்க அப்பிடித்தான் குந்தணும்னு நெனச்சேன்."

காசியம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்து, ஏதோ சிக்னல் கிடைக்காதது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அணைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ராஜேந்திரனையும் ரோஸ்மேரியையும் அந்தோணிசாமியையும் கூடத்தில் உட்கார வைத்தாள். தான் ஏமாந்ததையும், அந்த வெளுப்புக்கு அவர்கள் மூன்று பேர் கண்ணும் காரணம் இல்லை என்பதையும் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு ஒரு நோட்டுத்தாளைக் கிழித்து நாலு பேரின் பெயரையும் எழுதிச் சுருட்டி, சோற்றுக் குண்டானில் போட்டுக் குலுக்கினாள். "இனிமே இந்த வூட்டுல நடு எடத்துக்குப் பாடு" என்றாள். ஏரியில் இறால் நிறைய மேயும் இடங்களில் யார் எந்த நாளில் வலை விரிப்பது என்று வலைக்கார ஊர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வதற்குத்தான் பாடு என்று பெயர். கையால் தடவுகிறவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. காசியம்மாள் வீட்டில் இதுவரை ஒருவருக்கும் எந்தச் சீட்டும் விழுந்ததில்லை.

முதல் சீட்டு ராஜேந்திரனுக்கு விழுந்தது. அவர் பீடியை அணைத்துவிட்டு, யாரோ திட்டப் போகிறார்கள் என்பது போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, நடுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காசியம்மாள் வாசல் ஓரம் அவர் இடத்துக்குப் போனாள். ஏழு மணி சீரியல் ஆரம்பித்தது. கதாநாயகி அழுதுகொண்டே வந்து நின்றாள். ராஜேந்திரன் முன்னால் குனிந்து பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"அடியே காசி, இந்தப் பொண்ணு புடவ ரோஸ் கலரா?"

"ஏன், உனக்கு இன்னாவாம்?"

"வெள்ளன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி. ஏழு மாசமா அவ புருசன் செத்துட்டான்னு நானும் கூட சேந்து அழுதுக்கினு கீறேன்."

காசியம்மாள் ஓரத்திலிருந்து அந்தப் புடவையைப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது.